200 எழுத்துக்குள் ஒரு வேண்டுகோள்: லிங்க்ட்இன் செய்திச் சேவை பற்றிய மதிப்பீடு

2003ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்டு, 2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தால் 2,620 கோடி டாலருக்கு விலை பேசப்பட்ட லிங்க்ட்இன் தளத்தில் இன்று 100 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வேலை விளம்பரங்கள், பதிவுகள், சான்றிதழ்ப் படிப்புகள் எனப் பல வசதிகள் அங்கு உண்டு. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, முன்பின் அறியாத ஒருவருக்கு நாம் செய்தி அனுப்ப அந்தத் தளம் தரும் வசதியை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். முதல் வேலை தேடும் பொறியியல் பட்டதாரிகளையும், இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்தோடு வேறு நிறுவனத்துக்கு மாற நினைப்பவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பணியமர்த்தும் குழுவில் இருப்பதால் இத்தகைய செய்திகளை நாள்தோறும் பெறுகிறேன். என் கல்லூரியின் இளையவர்கள் பிறருக்கு எழுதும் செய்திகளையும் அவர்கள் கேட்டுக்கொள்ளும்போது பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை தேடும் பெரும்பாலோருக்கு இதன் இலவசச் சேவையே போதும். யாருக்கு எழுதப்போகிறோம், அவர் எங்கே படித்தார், எந்தப் பிரிவில் என்ன வேலை பார்க்கிறார் என்பதையெல்லாம் எழுதுவதற்கு முன்பே நம் கண்முன் வைப்பதுதான் இந்தச் சேவையின் உண்மையான பலம். ஒரு தலைமுறைக்கு முன்பு சொந்தக்காரர்கள் வழியாகவும் அப்பாவின் நண்பர்கள் வழியாகவும் மட்டுமே கிடைத்த இந்தத் தகவல், முதல் தலைமுறைப் பட்டதாரிக்கும் இன்று கைபேசியில் கிடைக்கிறது. ஆனால் அந்தத் தகவலைப் பார்க்காமலேயே அழைப்பை அனுப்பிவிடத் தூண்டும் வகையில்தான் தளத்தின் பொத்தான்கள் அமைந்திருக்கின்றன. சேவையின் பெரிய குறை அதுவே.

முதலில் வழிகளைப் பார்த்துவிடலாம். ஏற்கெனவே நம் இணைப்பில் இருப்பவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக எழுதலாம். இணைப்பில் இல்லாதவருக்கு இணைப்பு அழைப்பு அனுப்பி, அதனோடு ஒரு குறிப்பைச் சேர்க்கலாம். கட்டணம் செலுத்தாத உறுப்பினருக்கு அந்தக் குறிப்பு 200 எழுத்துகள் வரைதான்; அதையும் மாதத்துக்குச் சில அழைப்புகளோடு மட்டுமே சேர்க்க முடியும். பிரீமியம் உறுப்பினருக்கு 300 எழுத்துகள் கிடைக்கும். மூன்றாவது வழி இன்மெயில் எனப்படும் கட்டணச் செய்தி. இவை தவிர, 'ஓப்பன் புரொஃபைல்' வசதியைத் திறந்து வைத்திருக்கும் பிரீமியம் உறுப்பினர்களுக்கு யாரும் இலவசமாகவே செய்தி அனுப்பலாம். இந்தக் கடைசி வழியைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவருடைய பக்கத்தில் 'மெசேஜ்' பொத்தானை அழுத்தும்போது கட்டணம் கேட்காமல் எழுதும் பெட்டி திறந்தால், அவர் அந்த வசதியைத் திறந்து வைத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

கணினியில் ஒருவரின் பக்கத்துக்குச் சென்று 'கனெக்ட்' பொத்தானை அழுத்தினால், குறிப்பு சேர்க்கிறீர்களா என்று தளம் கேட்கிறது. கைபேசிச் செயலியில் அப்படிக் கேட்காமலேயே அழைப்பு போய்விடக்கூடும். அங்கே 'மோர்' என்ற பட்டியலைத் திறந்து, அழைப்பைத் தனிப்பயனாக்கும் வாய்ப்பைத் தேடி எடுக்க வேண்டும். 'உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்கள்' என்று தளம் காட்டும் வரிசையிலோ நிலைமை இன்னும் மோசம்: விரல் பட்ட கணமே குறிப்பில்லாத அழைப்பு கிளம்பிவிடும். நம் மாணவர்களில் பெரும்பாலோர் கைபேசியில்தான் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே முக்கியமான ஒருவருக்கு எழுதும்போது, கல்லூரி ஆய்வகக் கணினியிலோ நண்பரின் மடிக்கணினியிலோ உட்கார்ந்து எழுதுங்கள் என்றே சொல்வேன்.

200 எழுத்து என்ற வரம்பு முதலில் எரிச்சலூட்டும். ஆனால் பெறுபவனாக யோசிக்கும்போது, இதை ஒரு நல்ல கட்டுப்பாடாகவே கருதுகிறேன். அந்த இடத்தில் தன்வரலாறு எழுத முடியாது. வேண்டுகோள் மட்டுமே அடங்கும். தமிழில் எழுதுவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தளம் எண்ணுவது ஒருங்குறி (யூனிகோட்) குறியீடுகளை. நாம் பள்ளியில் எண்ணிப் பழகிய எழுத்துகளை அல்ல. 'வேலை' என்பது நமக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு. 'நன்றி' நமக்கு மூன்று, கணினிக்கு ஐந்து. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே கணக்கில் சேர்வதால், தமிழில் எழுதுபவருக்குக் கிடைக்கும் இடம் உண்மையில் இன்னும் குறுகியது. அப்படியும் இவ்வளவு எழுத முடிகிறது:

"வணக்கம் சார். நம் கல்லூரியில் 2024-ல் இ.சி.இ. முடித்தேன். எம்பெடெட் பணிக்கு மாறியது பற்றிய உங்கள் பதிவைப் படித்தேன். ஆட்டோசார் கற்பதா, லினக்ஸ் டிரைவர் கற்பதா என ஒரு கேள்வி. கேட்கலாமா?"

இது கணினிக் கணக்கில் 190க்குள் அடங்கிவிடுகிறது. இதில் எழுதுபவர் யார் என்பது இருக்கிறது; ஏன் இவரைத் தேடி வந்தார் என்பது இருக்கிறது; என்ன வேண்டும் என்பதும் இருக்கிறது. வேண்டுவதோ மிகச் சிறியது. பெறுபவர் 'கேளுங்கள்' என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம். அவர் அழைப்பை ஏற்றவுடன் இருவரும் இணைப்பில் இருப்பார்கள். அதன்பிறகு எழுத்து வரம்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. முதல் செய்தியின் வேலை, இரண்டாவது செய்தியை எழுத அனுமதி பெறுவது மட்டுமே. வேலையைக் கேட்பது, ரெஸ்யூமை அனுப்புவது, ரெஃபரல் (அங்கே பணிபுரிபவர் நம்மைப் பரிந்துரைப்பது) கேட்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நடப்பில் வருபவை இப்படி இருப்பதில்லை. என் பெட்டிக்கு அதிகம் வருவது இந்த வடிவம்தான்: "மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவன், உங்கள் நிறுவனத்தில் எந்த வேலை இருந்தாலும் தயவுசெய்து ரெஃபர் செய்யுங்கள்." இதை எழுதும் பிள்ளையின் தவிப்பு எனக்குப் புரிகிறது, கல்விக்கடன் தவணையும் வீட்டாரின் கேள்விகளும் அந்த வரிக்குப் பின்னால் நிற்கின்றன. ஆனால் எவ்வளவு இரக்கம் இருந்தாலும் இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்னால் எதுவும் செய்ய முடியாது. காரணம் மிக எளியது. ஒரு நிறுவனத்தில் ரெஃபரல் என்பது வாய்மொழிச் சிபாரிசு அன்று. பணியாளர் உள் இணையதளத்தில் நுழைந்து, குறிப்பிட்ட வேலையின் அடையாள எண்ணைத் தேர்ந்தெடுத்து, விண்ணப்பதாரரின் ரெஸ்யூமைப் பதிவேற்ற வேண்டும். இவரை எப்படித் தெரியும், இந்த வேலைக்கு ஏன் பொருத்தம் என்ற கேள்விகளுக்கும் பல இடங்களில் பதில் எழுத வேண்டும். 'எந்த வேலையானாலும்' என்பவருக்காக இந்தப் படிவத்தின் முதல் கட்டத்தைக்கூட நிரப்ப முடியாது.

ஆகவே ரெஃபரல் கேட்கும் கட்டம் வந்தால், அந்தப் படிவத்தை நிரப்பத் தேவையான எல்லாவற்றையும் ஒரே செய்தியில் கொடுத்துவிட வேண்டும்: வேலையின் எண், அதன் சுட்டி, பி.டி.எஃப். வடிவில் ரெஸ்யூம், விளம்பரம் கேட்கும் தகுதிகளில் தன்னிடம் இருப்பவை பற்றி இரண்டு வரி. அந்த இரண்டு வரியை அவர் அப்படியே எடுத்துப் படிவத்தில் ஒட்டிவிடக்கூடியதாக எழுதினால், மதிய உணவு இடைவேளையிலேயே வேலை முடிந்துவிடும். 'இறுதியாண்டுத் திட்டத்தில் எஸ்டிஎம்32 போர்டில் கேன் தொடர்பை நானே எழுதினேன், குறிநிரல் கிட்ஹப்பில் உள்ளது' என்பது போன்ற ஒரு வரி, 'கடின உழைப்பாளி' என்று பத்து முறை எழுதுவதைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. ரெஃபர் செய்ய விருப்பமில்லை என்றால் தயங்காமல் சொல்லிவிடலாம் என்றும் ஒரு வரி சேர்த்தால், கேட்கப்படுபவருக்குச் சங்கடம் குறையும்.

யாருக்கு எழுதுவது என்பதில் இந்தத் தளம் உண்மையிலேயே சிறப்பாக உதவுகிறது. ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் முன்னாள் மாணவர்களுக்கென ஒரு பகுதி இருக்கிறது. எங்கே வசிக்கிறார்கள், எங்கே பணிபுரிகிறார்கள், எந்தத் துறையில் இருக்கிறார்கள் என்று வடிகட்டிப் பார்க்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டு மாணவர்கள் இதில் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் படித்த பலர், தங்கள் பக்கத்தில் கல்லூரிப் பெயரை எழுதாமல் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் எழுதியிருப்பார்கள். கல்லூரிப் பக்கத்தில் மட்டும் தேடினால் அவர்கள் அகப்பட மாட்டார்கள். பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்கும் சென்று, தேடல் பெட்டியில் ஊரின் பெயரையோ கல்லூரியின் பெயரையோ சேர்த்துத் தேடிப் பார்க்க வேண்டும்.

நெருங்கிய நண்பர்களைவிட ஓரளவு மட்டும் அறிமுகமானவர்கள் வழியாகவே வேலை மாற்றம் அதிகம் நடக்கிறது என்ற கருத்து சமூகவியலில் 1973 முதலே உண்டு. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, லிங்க்ட்இன் தளத்திலேயே ஐந்து ஆண்டுகளில் இரண்டு கோடிப் பேரிடம் நடந்த சோதனைகளைக் கொண்டு இதை ஆராய்ந்தது. அதன் முடிவு நமக்கு மிகவும் பயன்படக்கூடியது: மிக நெருங்கியவர்களும் அவ்வளவாக உதவவில்லை, மிக மெலிதான தொடர்பு மட்டும் உள்ளவர்களும் அவ்வளவாக உதவவில்லை, இரண்டுக்கும் இடைப்பட்ட அறிமுகங்களே வேலைக்கு அதிகம் வழிவகுத்தன. நம் சூழலில் அந்த இடைப்பட்ட அறிமுகம் என்பது கல்லூரி சீனியர், முன்பு பணிபுரிந்த நிறுவனத்தின் வேறு பிரிவுக்காரர், நண்பரின் அணித்தலைவர் போன்றோர். பெரிய நிறுவனத்தின் தலைமை அதிகாரிக்கு எழுதுவதில் நேரத்தைச் செலவிடுவதைவிட, நாம் விரும்பும் அணியில் நான்கைந்து ஆண்டுகளாக இருக்கும் சீனியருக்கு எழுதுவது நல்லது. அவருக்கு நம் பாடத்திட்டமும் தெரியும், நேர்காணலில் என்ன கேட்கிறார்கள் என்பதும் நினைவிருக்கும்.

விளிப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம் கல்லூரிகளில் சீனியரை அண்ணா, அக்கா என்று அழைப்பது இயல்பு. ஓரிரு ஆண்டு மூத்தவராக இருந்து, அவரை வளாகத்தில் பார்த்திருந்தால் அப்படியே எழுதலாம்; அது உறவை நினைவூட்டும். பத்துப் பதினைந்து ஆண்டு மூத்தவருக்கு முதல் செய்தியில் சார், மேடம் போதும். 'ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்' என்று எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். பெயரும் படமும் பக்கத்திலேயே இருக்க, இருவகையாகவும் விளிப்பது இந்தச் செய்தி பலருக்கும் போகிறது என்பதைக் காட்டிவிடும். தமிழிலா ஆங்கிலத்திலா என்றால், அவர் தம் பக்கத்தில் தமிழில் ஏதேனும் எழுதியிருந்தால் தமிழில் தாராளமாக எழுதலாம். இல்லையென்றால் எளிய ஆங்கிலத்தில் எழுதி, வணக்கத்தை மட்டும் தமிழில் சொல்லலாம். ஆங்கிலம் சரளமாக வராதது குறையே இல்லை. சிறு வாக்கியங்களாக எழுதினால் பிழையும் குறையும், வாசிப்பவருக்கும் எளிது.

இனி இன்மெயில். பிரீமியம் கேரியர் சந்தாவில் மாதம் 5, பிரீமியம் பிசினஸ் சந்தாவில் மாதம் 15 என்று கிரெடிட் கிடைக்கிறது. ஒரு செய்திக்கு ஒரு கிரெடிட். நாம் அனுப்பிய இன்மெயிலுக்கு 90 நாட்களுக்குள் பதில் வந்தால், அது 'ஆர்வமில்லை' என்ற பதிலாக இருந்தாலும்கூட, அந்தக் கிரெடிட் நமக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அதாவது பதில் வராத செய்திக்குத்தான் நாம் உண்மையில் விலை கொடுக்கிறோம். இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. கவனமாக எழுதுபவருக்கு ஐந்து கிரெடிட் நெடுநாள் வரும். எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்புபவருக்கு ஒரே மாலையில் தீர்ந்துவிடும். இணைப்பு அழைப்புகளிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் நம் எல்லோருடைய செய்திப் பெட்டியும் வேறு விதமாக இருந்திருக்கும்.

இன்மெயிலில் ஏறத்தாழ 1,900 எழுத்துகள் வரை எழுத இடம் தருகிறார்கள். அதை நிரப்ப வேண்டாம். ரெக்ரூட்டர்கள் அனுப்பிய இன்மெயில்களை ஆராய்ந்து லிங்க்ட்இன் 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, 400 எழுத்துக்குக் குறைவான செய்திகள் சராசரியைவிட 22 விழுக்காடு அதிகப் பதிலைப் பெற்றன. 1,200 எழுத்தைத் தாண்டியவை சராசரிக்கும் கீழே போயின. சனிக்கிழமை அனுப்பியவற்றுக்குப் பதில் குறைவு என்பதும் அதில் தெரிந்தது. இந்தக் கணக்கு வேலை கொடுப்பவர்கள் எழுதிய செய்திகளைப் பற்றியது என்பதை மறந்துவிடக் கூடாது. வேலை தருகிறேன் என்பவருக்கே நீளம் பாதகமாக இருக்கிறதென்றால், உதவி கேட்பவர் இன்னும் சுருக்கமாக எழுத வேண்டும் என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது.

சந்தா எடுப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். கல்லூரி மாணவருக்கும் புதிய பட்டதாரிக்கும் தேவையில்லை. அந்தப் பணத்தை ஒரு நல்ல நூலுக்கோ போர்டுக்கோ செலவிடலாம். எட்டுப் பத்து ஆண்டு அனுபவத்தோடு குறிப்பிட்ட சில நிறுவனங்களின் பணியமர்த்தும் மேலாளர்களை மட்டும் அணுக நினைப்பவருக்கு ஓரிரு மாதம் பயன்படலாம். தளம் பலருக்கும் ஒரு மாத இலவச வெள்ளோட்டம் தருகிறது. அதற்கு அட்டை விவரம் கொடுக்க வேண்டும், மாத முடிவில் தானாகவே கட்டணம் பிடிக்கப்படும். எனவே தொடங்கும் நாளிலேயே ரத்து செய்ய வேண்டிய தேதியைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரீமியம் சந்தாவோடு செயற்கை நுண்ணறிவு கொண்டு செய்தி எழுதித் தரும் வசதியும் வருகிறது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது இருவரின் பக்கங்களையும் பார்த்து இலக்கணச் சுத்தமான ஒரு செய்தியைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் 'உங்கள் ஈர்க்கத்தக்க பயணத்தைக் கண்டு வியந்தேன்' என்ற தொனியிலேயே எல்லோருக்கும் எழுதித் தருவதால், ஒரே வாரத்தில் அத்தகைய செய்திகள் பல வரும்போது, பெறுபவர் முதல் வரியிலேயே அடையாளம் கண்டுகொள்கிறார். ஒருவரின் பதிவைப் படித்து, அதில் நமக்கு எழுந்த ஒரு சந்தேகத்தை எழுதுவதற்கு நுண்ணறிவுக் கருவி எதுவும் தேவையில்லை. படிக்க எடுக்கும் பத்து நிமிடம்தான் அந்தச் செய்தியின் மதிப்பே. நாம் எழுதியதில் பிழை பார்க்க மட்டும் அத்தகைய கருவியைப் பயன்படுத்தினால் எனக்கு மறுப்பில்லை.

அனுப்பிய பிறகு சில வசதிகள் உதவும். செய்தியில் பிழை இருந்தால் 60 நிமிடங்களுக்குள் திருத்தலாம், நீக்கவும் செய்யலாம். பெயரைத் தவறாக எழுதிவிட்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெற்றால், அதே நபருக்கு மூன்று வாரம் வரை மீண்டும் அழைப்பு அனுப்ப முடியாது. எனவே குறிப்பு சேர்க்க மறந்துவிட்டோம் என்று அவசரப்பட்டுத் திரும்பப் பெறாதீர்கள். ஒருவரின் படத்தருகே பச்சைப் புள்ளி தெரிவதை வைத்து, பார்த்துவிட்டும் பதில் தரவில்லை என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. புள்ளியின் நடு வெறுமையாக இருந்தால், அவர் அப்போது தளத்திலேயே இல்லை. அறிவிப்பு அவர் கைபேசிக்குப் போகும் என்பது மட்டுமே அதன் பொருள். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதிலும் 'என் செய்தியைப் பார்த்தீர்களா' என்று கேட்காமல், இடையில் நாம் செய்த ஏதேனும் ஒன்றைச் சொல்வது நல்லது. 'நீங்கள் பதிவில் சொன்ன கருவியை நிறுவிப் பார்த்தேன், இந்த இடத்தில் நிற்கிறேன்' என்று எழுதியவர்களுக்கு நானே வலியச் சென்று பதில் எழுதியிருக்கிறேன்.

வரும் செய்திகளிலும் கவனம் வேண்டும். ரெக்ரூட்டர் என்று சொல்லிக்கொண்டு, வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ வரச் சொல்லி, பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். வேலை தருவதற்கு முறையான நிறுவனம் எதுவும் பணம் கேட்பதில்லை. எழுதியவரின் பக்கத்தில் 'இந்த புரொஃபைல் பற்றி' என்ற பகுதியைத் திறந்தால், எந்த ஆண்டு சேர்ந்தார், அடையாளம் சரிபார்க்கப்பட்டதா என்பதைக் காணலாம். இந்தியாவில் டிஜிலாக்கர் வழியாக அடையாளத்தைச் சரிபார்க்கும் வசதி கட்டணமின்றிக் கிடைக்கிறது. நாமும் அதைச் செய்துகொண்டால், நம் அழைப்பைப் பெறுபவருக்கும் நம்பிக்கை வரும்.

பதில் வந்த பின் நடப்பதற்குத் தளம் அவ்வளவாக உதவுவதில்லை. யாரிடம் என்ன கேட்டோம், யார் ரெஃபர் செய்தார், எந்த நாளில் மறுபடி எழுத வேண்டும் என்று குறித்து வைக்க இலவசக் கணக்கில் சரியான இடமில்லை. ஒரு நோட்டிலோ கூகுள் ஷீட்டிலோ நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் ஒரு பத்தியை, முடிவைத் தெரிவித்தோமா என்பதற்கு ஒதுக்குங்கள். ரெஃபர் செய்தவருக்கு நேர்காணலின் முடிவு பெரும்பாலும் தெரிவதே இல்லை. 'விண்ணப்பம் பரிசீலனையில்' என்ற வரிதான் அவருடைய திரையில் மாதக்கணக்கில் நிற்கும். தேர்வாகவில்லை என்றாலும், எந்தச் சுற்றில் நின்றோம், எந்தக் கேள்வியில் தடுமாறினோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த இடம் திறக்கும்போது அவர் எந்தப் பெயரை முதலில் எடுப்பார் என்பதை, பெறும் பக்கத்தில் இருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன்: அந்த இரண்டு வரியை எழுதியவரின் பெயரைத்தான்.